தரைக்கடியில் எரிவாயு: எப்படிப் பிறக்கிறது, எந்த வழியில் நகர்கிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரைக்கடியில் பெரிய குகை மாதிரி ஏதோ இருந்து, அதற்குள்தான் வாயு நிரம்பியிருக்கிறதா?

இல்லை. இதை முதல் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் குகைப் படம் மனதில் இருக்கும்வரை மற்ற எதுவும் சரியாகப் புரியாது. வாயு இருப்பது பாறைக்குள்தான். கையில் எடுத்தால் கனக்கிற, சுத்தியலால் தட்டினால் ணங்கென்று ஒலிக்கிற பாறைக்குள்.

கிணறு தோண்டும்போது உருளையாக வெட்டியெடுக்கும் பாறைத் துண்டைக் 'கோர்' என்பார்கள். வாயு இருந்த மணற்கல் கோர் ஒன்றைப் பார்த்தால் வாசற்படிக் கல்லின் துண்டு மாதிரிதான் இருக்கும்; கண்ணுக்கு ஒரு ஓட்டையும் தெரியாது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் கல் அதைக் குடித்துவிடும், ஈரத் தடம் மட்டும் மிஞ்சும். இறுகிய களிப்பாறைத் துண்டின்மேல் அதே சொட்டை விட்டால் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். முன்னது வாயு தங்கும் பாறை, அதாவது தேக்கப்பாறை; பின்னது வாயுவை மறிக்கும் பாறை.

மணல் துகள்களுக்கு இடையே மிஞ்சும் நுண்ணிய சந்துகள்தான் வாயுவின் இருப்பிடம். நல்ல தேக்கப்பாறையில் இந்தச் சந்துகள் பாறையின் மொத்தக் கன அளவில் 15 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். அந்த இடமும் முழுக்க வாயுவுக்கு இல்லை. துகள்களைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் உப்புநீர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சிலிண்டரில் அடைத்து விற்கும் கேஸும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன்: ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான் மூலக்கூறு. அதோடு ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் கொஞ்சம் கலந்து வரலாம். இந்தக் கூட்டாளிகள் அதிகமானால் 'ஈர வாயு', அநேகமாக மீத்தேன் மட்டும் என்றால் 'உலர் வாயு'. பெயரில் ஈரம் இருந்தாலும் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மீத்தேனுக்கு மணம் கிடையாது. 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் கசிந்த வாயு யாருக்கும் தெரியாமல் தேங்கி வெடித்து, ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மத்தை வாயுவில் கட்டாயம் கலக்க வேண்டும் என்ற வழக்கம் பரவியது அதற்கப்புறம்தான்.

இது எதிலிருந்து உருவாகிறது? டைனோசர்களிலிருந்தா?

டைனோசர் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ, இன்னும் ஓயவில்லை. வாயுவின் மூலப்பொருள் பெரிய விலங்குகள் அல்ல. கடலிலும் ஏரியிலும் மிதந்த நுண்ணுயிர்கள், பாசிகள், கரையோரச் செடிகொடிகள். எடைபோட்டுப் பார்த்தால் கடலில் உயிர் என்பதே பெரும்பாலும் நுண்ணுயிர்கள்தான்.

ஆனால் செத்து விழுந்ததெல்லாம் வாயு ஆகிவிடாது. கடல் மேற்பரப்பில் உருவாகும் உயிர்ப்பொருளில் சேற்றுக்குள் புதைந்து தப்புவது 1 விழுக்காடுகூட இல்லை. மீதியை மற்ற உயிர்கள் தின்றுவிடும், ஆக்ஸிஜன் எரித்துவிடும். அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்து, மேலேயிருந்து களிமண் தொடர்ந்து படிந்து மூடிக்கொண்டே வரும் இடங்களில்தான் கணிசமாகத் தப்பும். அப்படி உருவாகும் கருநிறக் களிப்பாறைதான் மூலப்பாறை. அதில் 1 அல்லது 2 விழுக்காடு உயிர்க்கார்பன் இருந்தாலே போதும். பெரிய விகிதமாகத் தெரியாது. ஆனால் 50 மீட்டர் தடிமனில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு அந்தப் பாறை பரந்து கிடந்தால் எவ்வளவு கார்பன் என்று நினைத்துப் பாருங்கள்.

அது என்ன 'படிவுப் படுகை'?

பூமியின் மேலோடு கோடிக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல அமிழ்ந்து கொண்டிருக்கும் ஒரு பள்ளம். அமிழ அமிழ ஆறுகளும் கடலும் அதை மணலாலும் களிமண்ணாலும் சுண்ணாம்பாலும் நிரப்பிக்கொண்டே இருக்கும். சில படுகைகளில் இந்த அடுக்குகள் 10 கிலோமீட்டருக்கும் மேல் தடித்திருக்கின்றன. புதைப்பது, சூடேற்றுவது, அழுத்துவது, மூடுவது எல்லாம் ஒரே இடத்தில் நடப்பதால்தான் வாயு தேடுபவர்கள் படுகைகளையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

குளத்துச் சேற்றைக் கிளறினால் குமிழி வருகிறதே, அதுவும் இதுதானா?

அதேதான். 1776இல் அலெசாண்ட்ரோ வோல்டா இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் குச்சியால் குத்தி, மேலே வந்த குமிழிகளைப் பாட்டிலில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார், எரிந்தது. பிற்பாடு மின்கலத்தால் பெயர்பெற்ற அதே வோல்டாதான்.

அந்தக் குமிழியை உருவாக்குவது ஆக்ஸிஜனே இல்லாத இடத்தில் வாழும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்கள். மட்கும் பொருளிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜன், கார்பன் டைஆக்ஸைடு, அசெட்டேட் ஆகியவற்றை உண்டு மீத்தேனை வெளியேற்றுகின்றன. கடலடிச் சேற்றில் ஆயிரம் மீட்டர், சில இடங்களில் இன்னும் கீழே வரையிலும் இவை வேலை செய்யும். வெப்பம் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கதை முடிந்தது.

இதைச் சில்லறை வாயு என்று ஒதுக்கிவிட முடியாது. கிழக்கு மத்தியதரைக் கடலில் 2009இல் கிடைத்த தாமர், 2010இல் கிடைத்த லெவியத்தான், எகிப்தை ஒட்டி 2015இல் கிடைத்த சோர் ஆகிய பெரிய வயல்கள் எல்லாமே பெரும்பாலும் நுண்ணுயிர் வாயுதான். உலகில் கண்டுபிடிக்கப்பட்ட எரிவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த வழியில் பிறந்தது என்பது நெடுநாளாகப் புழங்கிவரும் மதிப்பீடு.

அப்படியானால் மீதி எப்படிப் பிறக்கிறது?

வெப்பத்தால். புதைந்த உயிர்ப்பொருள் ஆழம் போகப் போகத் தண்ணீரையும் எளிதில் பிரியும் பொருள்களையும் இழந்து, எதிலும் கரையாத ஒரு கரும் பிண்டமாக இறுகும். அதற்குக் 'கெரோஜன்' என்று பெயர். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி கூடும். அந்தச் சூட்டில் கெரோஜனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடத் தொடங்குகின்றன.

சுமார் 60 டிகிரியில் தொடங்கி 120, 130 டிகிரி வரை முதலில் கிடைப்பது பெரும்பாலும் எண்ணெய். அதற்கு மேல் ஈர வாயு. 150 டிகிரி தாண்டினால் ஏற்கெனவே உருவாகி உள்ளேயே தங்கிவிட்ட எண்ணெய்கூட உடைந்து வாயுவாக மாறும். கடைசியில் உலர் மீத்தேனும் கிராபைட் போன்ற கரியும்தான் மிச்சம். இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைந்த சூட்டில் நீண்ட காலமும் கூடுதல் சூட்டில் குறுகிய காலமும் ஏறத்தாழ ஒரே விளைவைத் தரும். இளம் படுகையில் இந்த வெப்ப எல்லைகள் கொஞ்சம் கூடும்.

கெரோஜனின் வகையும் முக்கியம். பாசியிலிருந்து வந்தது எண்ணெயைத் தாராளமாகத் தரும். மரம், இலை, வேர் இவற்றிலிருந்து வந்ததில் ஹைட்ரஜன் குறைவு. அது எண்ணெயைப் பெரிதாகக் கொடுக்காமல் வாயுவையே தரும். நிலக்கரியும் இந்த இரண்டாவது வகைதான்.

பாறை எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று பார்க்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. பாறையில் இருக்கும் மரத்துண்டுகளின் மிச்சமான விட்ரினைட் துணுக்கை மெருகேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அது எத்தனை விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கிறார்கள். சூடு பட்ட அளவுக்கு அது மினுங்கும். 0.6 முதல் 1.3 விழுக்காடு வரை எண்ணெய்க் கட்டம், 2ஐத் தாண்டினால் உலர் வாயு. பாறை பிற்பாடு மேலே தூக்கப்பட்டு ஆறிப்போனாலும் இந்த மினுக்கம் குறையாது. பட்ட சூட்டை அது மறப்பதில்லை.

கிடைத்த மீத்தேன் இந்த இரண்டில் எந்த வழியில் வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கார்பனில் எடை குறைந்த கார்பன்-12, எடை கூடிய கார்பன்-13 என்று இரண்டு நிலையான வகைகள் உண்டு. நுண்ணுயிர்கள் இலகுவானதையே விரும்பி எடுக்கும். ஆகவே அவை உண்டாக்கும் மீத்தேனில் கார்பன்-13 மிகவும் குறைந்திருக்கும்: ஒரு பொது மாதிரியோடு ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு 60 பங்கு குறைவு, அதாவது மைனஸ் 60, அதற்கும் கீழே. வெப்பத்தால் பிறந்தது பெரும்பாலும் மைனஸ் 50க்கு மேலேதான் நிற்கும். கூடவே ஈத்தேன், புரோப்பேன் நிறைய இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது வெப்ப வாயு. இரண்டும் கலந்த வயல்களும் உண்டு, அங்கேதான் சண்டை.

மூலப்பாறை களிப்பாறைதானே, தண்ணீரையே உள்ளே விடாதே. பிறந்த வாயு அதிலிருந்து எப்படி வெளியேறுகிறது?

நியாயமான கேள்வி. களிப்பாறையின் துளைகள் சில நானோமீட்டர் முதல் நூறு நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்.

பாறையே வழியைத் திறந்துகொள்கிறது. திடமான கெரோஜன் உடைந்து வாயுவாகும்போது கூடுதல் இடம் கேட்கிறது. பாறையோ மேலே இருக்கும் சுமையால் இறுக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பாறையில் மயிரிழை விரிசல் விழும். கொஞ்சம் வாயு வெளியேறும், அழுத்தம் இறங்கும், விரிசல் மூடும். மறுபடி அழுத்தம் ஏறும். இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் விட்டுவிட்டு நடக்கிறது. கெரோஜனுக்குள்ளேயே உண்டாகும் நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்தும், சிறிதளவு வாயு தண்ணீரில் கரைந்தும்கூட வெளியேறும். ஆனால் பெரும்பாடு படுவது விரிசல்கள்தான் என்பது என் எண்ணம்.

இந்த முதல் வெளியேற்றத்தை 'முதனிலை நகர்வு' என்கிறார்கள். தூரம் சில மீட்டர்களோ சில நூறு மீட்டர்களோதான், ஆனால் முழுப் பயணத்திலும் கஷ்டமான பகுதி இதுதான்.

வெளியே வந்தபின் எங்கே போகும்?

மேலே. எப்போதும் மேலே. பூமிக்கடியில் சந்துகளெல்லாம் உப்புநீரால் நிரம்பியிருக்கின்றன. 3 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தில்கூட மீத்தேனின் அடர்த்தி தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். ஆகவே தண்ணீருக்குள் அமுக்கிய பந்து மாதிரி அது மேலே வந்தே தீரும்.

தடுப்பதற்கு இருக்கும் ஒரே சக்தி, நுண்துளைக்குள் ஈரப்பசையோடு ஒட்டியிருக்கும் தண்ணீரின் இழுவிசை. வாயுக் குமிழி ஒரு குறுகிய துளைவாயில் நுழைய வேண்டுமானால் அங்கிருக்கும் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். வாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலம் தேவை. தனிக் குமிழிக்கு அந்தப் பலம் கிடையாது. பல குமிழிகள் சேர்ந்து உயரமான ஒரு வாயுத் தூணாக ஆனால், தூணின் உயரத்துக்கேற்ப மிதப்பு விசை கூடி, தலைப்பகுதி அடுத்த துளைக்குள் முட்டி நுழையும்.

இதனால் வாயு பாறை முழுவதும் பரவி ஏறுவதில்லை. மணற்கல் அடுக்கின் மேல்விளிம்பை ஒட்டி, மெல்லிய இழைகளாக, மேட்டுப்பாங்கான வழி பார்த்து ஓடும். கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஓடும் ஆறு என்று கற்பனை செய்துகொள்ளலாம். இப்படி மூலப்பாறையிலிருந்து பல பத்து கிலோமீட்டர், சில இடங்களில் நூறு கிலோமீட்டருக்கு மேல்கூடப் போயிருக்கிறது.

அப்புறம் அது எங்கே, எதனால் நிற்கிறது?

பெரும்பாலும் நிற்பதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகப் படங்கள் நேர்மாறான எண்ணத்தைத் தருகின்றன. படுகையில் பிறக்கும் வாயுவில் மிகச் சிறிய பங்குதான் எங்காவது தேங்குகிறது. மற்றதெல்லாம் மண்ணுக்கும் கடலுக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது. வாயுவின் இயல்பு கசிவதுதான், தேங்குவது விதிவிலக்கு.

அந்த விதிவிலக்குக்கு இரண்டு தேவை: மேலே ஒரு மூடிப்பாறை, பக்கவாட்டிலும் ஓட முடியாதபடி ஒரு வடிவம். வடிவத்தைப் 'பொறி' என்கிறார்கள்.

மூடிப்பாறை என்றால் துளையே இல்லாத பாறை என்று அர்த்தமில்லை. துளைவாய்கள் அவ்வளவு குறுகல் என்பதுதான் விஷயம். 100 மீட்டர் உயர வாயுத் தூண் மூடிப்பாறையை ஏறத்தாழ 8 வளிமண்டல அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டும். களிப்பாறையின் துளைவாய்த் தண்ணீர் அதைத் தாங்கும். தூண் வளர்ந்துகொண்டே போனால் ஒரு உயரத்தில் தாங்காது, கசியத் தொடங்கும். எல்லா மூடிகளுக்கும் ராஜா உப்புப்பாறை. அதில் துளைகள் அநேகமாக இல்லை. விரிசல் விழுந்தாலும் உப்பு மெல்ல வழிந்து தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும்.

பொறிகளில் எத்தனை வகை?

அடுக்குகள் மேல்நோக்கி வளைந்து கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஆன மேல்மடிப்பு. பாறை பிளந்து நகர்ந்ததில் மணற்கல்லுக்கு எதிரே களிப்பாறை வந்து நின்றுவிட்ட பிளவு. உப்புக் குன்று கீழிருந்து துளைத்தேறியதில் அதன் தோள்களில் உண்டான மூலைகள். மடிப்போ பிளவோ இல்லாமல் மணற்கல் மேல்நோக்கி மெலிந்து களிப்பாறைக்குள் மறைந்துபோகும் இடம். பழைய பவளத் திட்டுகளும் உண்டு.

மேல்மடிப்பில் தேடலாம் என்ற யோசனையை 1861இலேயே நிலவியலாளர் ஸ்டெரி ஹன்ட் சொல்லியிருந்தார். 1885இல் மேற்கு வர்ஜீனியாவின் ஐ. சி. ஒயிட் வாயுக் கிணறுகளை வரைபடத்தில் வைத்து அதை எழுதிக் காட்டியபின்தான் பலரும் நம்பினார்கள். பிளவுகளைப் பொறுத்தவரை எச்சரிக்கை வேண்டும்: அதே பிளவு ஒரு காலத்தில் வாயுவை மேலே கொண்டுபோன வழியாகவும் இன்னொரு காலத்தில் அதை மறித்த சுவராகவும் இருந்திருக்கலாம்.

எல்லாம் கச்சிதமாக அமைந்த ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

நெதர்லாந்தின் க்ரோனிங்கன். 1959இல் ஸ்லோக்தரன் என்ற ஊருக்குப் பக்கத்து வயலில் தோண்டிய கிணற்றில் கிடைத்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய வாயு வயல்களில் ஒன்று. மொத்தம் சுமார் 2.8 லட்சம் கோடி கன மீட்டர்.

கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய சதுப்புக் காடுகளின் நிலக்கரி அடுக்குகள். அதுதான் மூலம். அதன்மேல், அந்த நிலம் பாலைவனமாக மாறியபின் காற்றும் காட்டாறுகளும் கொண்டுவந்து சேர்த்த மணல். இன்று சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் மணற்கல்லாக இருக்கிறது. அதற்கும் மேலே, பிறகு புகுந்த கடல் வற்றி விட்டுப்போன நூற்றுக்கணக்கான மீட்டர் தடித்த உப்பு. காடு, பாலை, வற்றிய கடல் என்ற இந்த வரிசை மாறியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. உப்பு கீழேயும் மணல் மேலேயும் இருந்திருந்தால் வாயு எப்போதோ பறந்திருக்கும்.

உலகின் மிகப் பெரிய வயலிலும் இதே இலக்கணம்தான், பாறைகள் மட்டும் வேறு. கத்தாரும் ஈரானும் பங்குபோட்டிருக்கும் நார்த் ஃபீல்டு – சவுத் பார்ஸ் வயல் 1971இல் கண்டுபிடிக்கப்பட்டது; பரப்பு சுமார் 9,700 சதுர கிலோமீட்டர். வாயு தங்கியிருப்பது சுண்ணாம்பு, டோலமைட் பாறைகளில், மூடி அன்ஹைட்ரைட் என்ற சல்பேட் பாறை, மூலம் அதைவிட மிகப் பழைய, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு களிப்பாறை.

எண்ணெயும் வாயுவும் ஒரே இடத்தில் இருந்தால் எது மேலே?

வாயு மேலே, நடுவில் எண்ணெய், அடியில் தண்ணீர்.

இதில் 1954இல் நிலவியலாளர் வில்லியம் கஸோ காட்டிய ஒரு வேடிக்கை இருக்கிறது. பொறி நிரம்பினால் வழிவது மேலே அல்ல, கீழ் விளிம்பில். விளிம்பில் நிற்பது எண்ணெய். புதிதாக வரும் வாயு உச்சியைப் பிடித்துக்கொண்டு எண்ணெயைக் கீழே தள்ள, அது விளிம்பு தாண்டி அடுத்த மேட்டுக்கு ஓடிவிடும். ஆகவே ஒரே வழியில் வரிசையாக இருக்கும் பொறிகளில் ஆழமான முதல் பொறியில் வாயுவும், மேலே தொலைவில் இருப்பதில் எண்ணெயும் கிடைக்கலாம். இலகுவானது மேலே போகும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாறுவார்கள்.

மூலம், தேக்கம், மூடி, பொறி எல்லாம் இருந்தும் கிணறு வறண்டுபோவது ஏன்?

காலக்கணக்கு. பொறி உருவாகும் முன்பே வாயு கடந்து போயிருந்தால் அந்த அழகான மடிப்பில் உப்புநீர்தான் இருக்கும். பொறி முதலில், வாயு பிறகு. இந்த வரிசை தவறக்கூடாது. தேங்கியபின் நிலம் சாய்ந்தாலும், மூடி கிழிந்தாலும் இதே கதிதான்.

எண்ணெய்க்காகத் தோண்டியது என்றாலும், அலாஸ்காவை ஒட்டிய போஃபர்ட் கடலில் இருக்கும் முக்லுக் கிணற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. செயற்கைத் தீவு கட்டி 1983இல் தோண்டினார்கள். கடலடிக் குத்தகையோடு சேர்த்தால் 100 கோடி டாலருக்கும் மேல் செலவு. பெரிய பொறி இருந்தது, நல்ல பாறை இருந்தது. மேலே வந்த மணற்கல்லில் எண்ணெய்க் கறையும் இருந்தது. எண்ணெய்தான் இல்லை. ஒரு காலத்தில் இருந்திருக்கிறது, எப்போதோ கிளம்பிப் போயிருக்கிறது.

தேங்கிய வாயு அப்படியே அசையாமல் இருக்குமா?

இருக்காது. நல்ல மூடிக்குக் கீழேயும் மீத்தேன் மூலக்கூறுகள் தண்ணீரில் கரைந்து ஊடுருவி மெல்ல மெல்லப் போய்க்கொண்டே இருக்கும். ஈராக்கின் கிர்குக் அருகே பாபா குர்குரிலும் அஜர்பைஜானின் யனார் தாக் மலையடியிலும் தரையிலிருந்தே தீ எரிவதைப் பார்க்கலாம். கீழே தேங்கியிருப்பதிலிருந்து தப்பி வருவதுதான். வாயு வயலைக் குளம் என்று நினைப்பதைவிட, வரத்தும் போக்கும் உள்ள ஏரி என்று நினைப்பது நல்லது. வரத்து நின்று பல கோடி ஆண்டுகள் ஆகியும் நிரம்பியிருக்கும் வயலைப் பார்த்தால் மேலே இருப்பது பெரும்பாலும் உப்பாகத்தான் இருக்கும்.

ஷேல் வாயு என்பது வேறு வாயுவா?

ஷேல் என்பது களிப்பாறைதான். வாயு அதேதான், முகவரி வேறு. மூலப்பாறையை விட்டுப் போகாமல் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. பாதி துளைகளில், மீதி கெரோஜனின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஏறத்தாழ அப்படி. இங்கே பொறியும் தேவையில்லை, மூடியும் தேவையில்லை. பாறையே இரண்டும்.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பது தவறு. அமெரிக்காவின் முதல் வாயுக் கிணறு 1821இல் நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரெடோனியாவில் வில்லியம் ஹார்ட் தோண்டியது. ஆழம் 9 மீட்டர்கூட இல்லை, பாறை ஷேல்தான். புதிதாக வந்தது, டெக்சாஸின் பார்னெட் ஷேலில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் ஏறத்தாழ 17 ஆண்டுகள் முட்டிமோதி 1990களின் கடைசியில் கண்டுகொண்ட மலிவான நீர்விரிசல் முறை. மூலப்பாறை தானாகச் செய்த அதே விரிசல் வேலையை மனிதர் பம்பு வைத்துச் செய்கிறார்கள்.

நிலக்கரி அடுக்கு மீத்தேனும் இதே குடும்பம். தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் ஒட்டியிருக்கும் வாயு விடுபட்டு வரும்.

வாயுவோடு கார்பன் டைஆக்ஸைடு, ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் எப்படிச் சேர்கின்றன?

ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை. சூடான ஆழத்தில், சுமார் 120, 140 டிகிரிக்கு மேல், மீத்தேனின் கூட்டாளிகள் அன்ஹைட்ரைட் போன்ற சல்பேட் பாறையோடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும். பிரான்ஸின் லாக் வயலில் (1951) அது சுமார் 15 விழுக்காடு. இந்தோனேசியாவின் நட்டுனா வயலில் ஏறத்தாழ 70 விழுக்காடு கார்பன் டைஆக்ஸைடு. அதனால் 1973இல் கண்டும் பல பத்தாண்டுகள் தொட முடியவில்லை. க்ரோனிங்கன் வாயுவில் சுமார் 14 விழுக்காடு நைட்ரஜன்.

எனக்குப் பிடித்தது டெக்ஸ்டர் கதை. 1903இல் அமெரிக்காவின் கான்சஸில் அந்தச் சிற்றூரில் ஊளையிட்டபடி வாயு பீறிட்டது. ஊரே கூடி விழா எடுத்து, எரியும் வைக்கோல் கட்டைக் கிணற்றின் பக்கம் தள்ளினார்கள். தீ அணைந்துபோனது. மறுபடி முயன்றார்கள், மறுபடி அணைந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் போனதில் முக்கால்வாசிக்குப் பக்கம் நைட்ரஜன் என்று தெரிந்தது. 1905இல் கேடி, மெக்ஃபார்லண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் அதில் 1.84 விழுக்காடு ஹீலியம் இருப்பதைக் கண்டார்கள். சூரிய ஒளியில் முதலில் அறியப்பட்டு, பூமியில் மிக அரிதென்று கருதப்பட்ட தனிமம். அடிப்பாறையின் யுரேனியமும் தோரியமும் சிதைந்ததில் உண்டாகி, மீத்தேனுக்கு அமைந்த அதே பொறியில் வந்து மாட்டியிருக்கிறது.

உயிர்ப்பொருளே இல்லாமல் மீத்தேன் உண்டாகுமா?

உண்டாகும், ஆனால் கொஞ்சம்தான். தண்ணீர் சிலவகை இரும்புச்சத்துள்ள பாறைகளோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைத் தர, அது கார்பன் டைஆக்ஸைடோடு சேர்ந்து மீத்தேன் ஆகலாம். துருக்கியின் யனார்த்தாஷ் மலையில் பண்டைக்காலம் முதலே எரியும் தீயில் இதன் பங்கு கணிசம். ஆழத்திலிருந்து இப்படி ஏராளமாக வருகிறது என்று வாதிட்ட வானியலாளர் தாமஸ் கோல்டின் பேச்சை நம்பி, 1980களில் ஸ்வீடனில் விண்கல் மோதி உண்டான சில்யான் வளையத்தில் 6 கிலோமீட்டருக்கும் கீழே தோண்டினார்கள். விற்கிற அளவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தோண்டாமலே வாயு இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஊகிக்கலாம். நில அதிர்வு அலைகளை அனுப்பி எதிரொலியைக் கேட்டால் வாயு நிரம்பிய மணற்கல் பளிச்சென்று தெரியும். வாயுவும் தண்ணீரும் சந்திக்கும் மட்டம், சாய்ந்த அடுக்குகளின் நடுவே கிடைமட்டக் கோடாகவும் தெரியும். ஆனால் சில விழுக்காடு வாயு தண்ணீரில் குமிழியாகக் கலந்திருந்தாலே அலை வேகம் சரிந்து அதே பளிச்சைக் காட்டிவிடும். நிரம்பிய பொறியும் கசிந்து காலியான பொறியும் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எத்தனையோ வறண்ட கிணறுகள் அந்தப் பளிச்சை நம்பித் தோண்டியவை.

ஆழத்தில் இருக்கும் ஒரு கன மீட்டர் வாயு மேலே வந்தால் எவ்வளவு ஆகும்?

3 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 300 வளிமண்டலம். அங்கே ஒரு கன மீட்டர், மேலே வந்தால் 200 கன மீட்டருக்கும் மேல். வாயு வயலைப் பொறுத்தவரை பாறையின் கன அளவைப் போலவே அழுத்தமும் சொத்துதான்.

எடுத்துத் தீர்த்துவிட்டால் மறுபடி நிரம்புமா?

நிரம்பாது, நம் கணக்குக்கு நிரம்பாது. கீழே மூலப்பாறை இன்னும் சூட்டில் இருந்தால் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கலாம். ஆனால் கோடி ஆண்டுகளில் சேர்ந்ததை எடுக்க ஐம்பது அறுபது ஆண்டுகள் போதுமாக இருக்கிறது.

காலியான இடமும் சும்மா இருப்பதில்லை. க்ரோனிங்கனில் தொடக்கத்தில் சுமார் 350 வளிமண்டலமாக இருந்த அழுத்தம் 100க்கும் கீழே போனது. அதுவரை வாயு தாங்கிய சுமையின் ஒரு பகுதி மணல் துகள்களின்மேல் விழுந்து மணற்கல் இறுகியது, தரை 30 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியது, பழைய பிளவுகள் அசைந்தன. 2012இல் ஹவ்சிங்கா என்ற ஊரில் 3.6 அளவில் நில அதிர்வு. வீட்டுச் சுவர்களில் விரிசல். 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தி, 2024இல் வயலை நிரந்தரமாக மூடினார்கள். இன்னும் கணிசமான வாயு உள்ளேதான் இருக்கிறது, உப்புக்குக் கீழே.